மழைக்கால அரிப்பு: நாய்க்கு ஷாம்புவா, மாத்திரையா, ஊசியா?

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்தால் போதும், நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "ராத்திரி முழுக்கச் சொறிகிறது, பாதத்தை நக்கியே சிவக்க வைத்துவிட்டது. செடிரிசின் போதுமா? போன வருஷம் போட்ட ஊசியையே போட்டுவிடலாமா? இல்லை, அந்த விலை கூடிய மாத்திரைக்குப் போக வேண்டுமா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த மூன்றும் அரிப்பை அடக்கும் மருந்துகள். எதனால் அரிக்கிறது என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் உண்ணி, தெள்ளு, ஈஸ்ட் (தோலில் பெருகும் ஒரு பூஞ்சை) என்ற மூன்றையும் கழிக்காமல் நாய்க்கு "அலர்ஜி" என்று முடிவு கட்ட முடியாது. ஒவ்வாமை உள்ள நாயாகவே இருந்தாலும் மழைக்காலத்தில் இந்த மூன்றில் ஒன்றாவது கூடச் சேர்ந்திருக்கும். அதனால் இந்த ஒப்பீடு மாத்திரையில் தொடங்கவில்லை. மாத்திரைக்கு முந்தைய இரண்டு வழிகளையும் சேர்த்தே எடை போடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

எவ்வளவு வேகமாக அடங்கும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அது ஒரு அளவுகோல்தான். மற்றவை இவை:

- காரணத்தைத் தீர்க்கிறதா, அரிப்பை மட்டும் மறைக்கிறதா. மறைப்பதும் சில நாள் தேவைதான். ஆனால் மறைக்கும் மருந்து கொடுத்த பிறகு காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.
- ஒரு மாத்திரையின் விலை எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு பருவத்துக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை 90 நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.
- வீட்டில் யார் வேலை செய்வது. 30 கிலோ லாப்ரடோரை வாரம் இரண்டு முறை குளிப்பாட்ட ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், காய வைக்க இடம் வேண்டும்.
- எந்த நாய்க்குக் கூடாது.
- ஒன்றோடொன்று மோதுமா. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஷாம்பு குளியல் கழுத்தில் விட்ட சொட்டு மருந்தின் பலத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டு மூட்டுவலி மருந்தோடு சேர்ந்தால் வயிற்றைப் புண்ணாக்கும்.

## செலவுக்கு முன் பத்து நிமிஷப் பரிசோதனை

வெள்ளைக் காகிதம் ஒன்றை நனைத்துத் தரையில் விரியுங்கள். நாயை அதன்மேல் நிறுத்தி, வால் தொடங்கும் இடத்திலும் தொடையின் உட்புறத்திலும் நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் வாருங்கள். விழும் கரும்பொடி அழுக்காகவும் இருக்கலாம், தெள்ளின் எச்சமாகவும் இருக்கலாம். ஈரக் காகிதத்தில் ஒரு நிமிஷம் விடுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் பரவினால் அது செரித்த ரத்தம், தெள்ளு இருக்கிறது. ஒரு தெள்ளைக்கூடக் கண்ணால் பார்க்காமலேயே இதை உறுதி செய்யலாம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு இரண்டு மூன்று கடியே போதும், நாள் கணக்கில் இடுப்பைக் கடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து பாதம். விரல்களைப் பிரித்துப் பாருங்கள். வெளிர் நிற நாயானால் முடி துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். அது எச்சில் கறை, ரொம்ப நாளாக நக்குகிறது என்று அர்த்தம். விரலிடுக்கு பிசுபிசுவென்று, புளித்த மாவு வாடை அடித்தால் ஈஸ்ட். காதுக்குள்ளும் அக்குளிலும் அதே வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

மூன்றாவது, காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்காலின் குதிமூட்டு. இங்கெல்லாம் முடி கொட்டி, செதில் படிந்து, வெறித்தனமாகச் சொறிந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் கையிலோ வயிற்றிலோ அரிக்கும் பொட்டுகள் வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இந்த நிலையில் கீழே வரும் ஒப்பீடு எதுவும் வேண்டாம். மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கட்டும்.

வருஷம் முழுக்க அரிப்பு இருந்தால் அது பருவத்தின் வேலை இல்லை. சாப்பாட்டு ஒவ்வாமையையும் பார்க்க வேண்டிவரும். தினமும் கோழியும் சோறும் தின்னும் நாய்க்கு, இதுவரை தின்னாத புரதத்தை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் அதற்கான வழி. அது தனிக் கதை.

## வழி 1: உண்ணி, தெள்ளு மருந்தை ஒழுங்காகக் கொடுப்பது

அலர்ஜி மாத்திரைக்குச் செலவு செய்யும் முன் இது முடிந்திருக்க வேண்டும் என்பதில் தோல் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. சோப்பு, பவுடர், காலர், கழுத்தில் விடும் சொட்டு, வாய்வழி மாத்திரை என்று கடையில் பல இருக்கின்றன. உண்மையான போட்டி கடைசி இரண்டுக்கும்தான்.

ஃபிப்ரோனில் சொட்டு மருந்து விலை குறைவு. தோலின் எண்ணெயில் கரைந்து உடம்பு முழுக்கப் பரவுவதால், போடுவதற்கு 2 நாள் முன்னும் 2 நாள் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. முடியைப் பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும். முடிமேல் ஊற்றினால் பாதி வீண். இங்கேதான் சிக்கல். ஈஸ்ட் உள்ள நாயை வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு போட்டுக் கழுவினால் அந்த எண்ணெய்ப் படலமே போய்விடும். சொட்டு மருந்து போட்டு, மறுநாள் குளிப்பாட்டி, "மருந்து போலி" என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு.

மாத்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. பிராவெக்டோவில் இருக்கும் ஃப்ளூராலனர் 12 வாரம் நிற்கும். 20 முதல் 40 கிலோ நாய்க்கு 1000 மி.கி. மாத்திரை ஒன்று, கிட்டத்தட்ட நம் 90 நாள் பருவத்துக்குச் சரியாக வரும். அதை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். நெக்ஸ்கார்டில் இருக்கும் அஃபாக்சோலனர் மாதம் ஒன்று. இந்த வகை மாத்திரைகள் சொறிப்பூச்சியையும் கொல்லும் என்பது கூடுதல் லாபம். முதல் தடவை கொடுக்கும்போது மாதாந்திர மாத்திரையே நல்லது என்று தோன்றுகிறது: ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு மாதத்தோடு போகும். வலிப்பு வந்த நாய்க்கு இந்தக் குடும்பத்து மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நடுக்கம், வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது.

எங்கே ஏமாற்றம் வருகிறது? மாத்திரை கொடுத்த மறுநாளும் உண்ணி ஒட்டியிருக்கும். அது கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதற்குள் போகும். அதனால் பூச்சி ஏறுவதைத் தடுக்காது, ஏறியதைக் கொல்லும். தெள்ளு இன்னும் பொல்லாதது. நாய்மேல் நாம் பார்ப்பது கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. மிச்சம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக மிதியடியிலும் சோஃபா இடுக்கிலும் இருக்கிறது. கூட்டுப்புழுவை எந்த மருந்தும் எளிதில் தொடாது. மாதக்கணக்கில் காத்திருந்து வெளிவரும். வீடு சுத்தமாக மூன்று மாதம் ஆகலாம் என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்திருந்தால், மூன்றாவது வாரம் மருந்தை மாற்றும் அவசரம் வராது. உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதனால் நாய்க் கூண்டின் மூலை, சுவரும் தரையும் சேரும் கோடு, படிக்கட்டு அடி ஆகியவற்றைச் சிமெண்ட் பூசி அடைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். வீட்டில் இருக்கும் எல்லா நாய்க்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பூனைக்கு அது விஷம்.

## வழி 2: மருந்து ஷாம்பு

இந்தப் பட்டியலில் பலன் அதிகம், பேர் கெட்டது அதிகம். "ஷாம்பு போட்டோம், ஒண்ணும் ஆகலை" என்பவர்களில் பெரும்பாலோர் சோப்புப் போட்டு உடனே கழுவியிருப்பார்கள்.

ஈஸ்டுக்கும் தோலில் பெருகும் பாக்டீரியாவுக்கும் சான்று உள்ள கலவை 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் 2 சதவீத மைக்கோனசோலும் சேர்ந்தது. வாரம் இரண்டு முறை, மூன்று வாரம்; பிறகு மழை ஓயும்வரை வாரம் ஒரு முறை. முறை இப்படி:

சாதாரணத் தண்ணீரில், வெந்நீர் வேண்டாம், தோல்வரை நனையுங்கள். முதலில் மிதமான நாய் ஷாம்பு போட்டு அழுக்கையும் எண்ணெயையும் அலசுங்கள். அடுத்து மருந்து ஷாம்பு. மோசமான இடத்தில், அதாவது பாதம், அக்குள், தொடை இடுக்கில், முதலில் போடுங்கள். அப்போதுதான் அங்கே அதிக நேரம் நிற்கும். உடம்பு முழுக்கப் போட்டு முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிஷம் விட வேண்டும். மனக்கணக்கில் பத்து நிமிஷம் எப்போதும் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். கண்ணில் படக் கூடாது, குளோர்ஹெக்சிடின் கருவிழியைப் புண்ணாக்கும். அலசுவது போட்டதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆக வேண்டும். மிச்சம் தங்கினால் அதுவே அரிக்கும். கடைசியில் விரலிடுக்குவரை துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் காய வையுங்கள். அடர்ந்த உள்முடி கொண்ட நாயை அரைகுறையாகக் காய விட்டால், ஈஸ்டை ஒழிக்கக் குளிப்பாட்டி ஈஸ்டுக்கே ஈரம் கொடுத்த கதை ஆகும்.

செலவுக் கணக்கு: 200 மி.லி. பாட்டில் ஒரு லாப்ரடோருக்கு நாலைந்து குளியலுக்கு வரும். பருவம் முழுக்க 15 குளியல் என்றால் மூன்று நாலு பாட்டில். மறைமுகச் செலவு ஒரு மணி நேரம், இரண்டு ஆள், நிறையத் தண்ணீர். லாரித் தண்ணீரை நம்பும் அடுக்குமாடி வீட்டில் இது சும்மா இல்லை. முழு உடம்பும் முடியாதவர்கள் பாதத்தை மட்டும் ஒரு பேசினில் செய்யலாம்: மழையில் நடந்து வந்ததும் நாலு பாதத்தையும் வெறும் தண்ணீரில் அலசி, இடுக்கைத் துடைத்து, மருந்து ஷாம்புவை வாரம் இரண்டு மூன்று முறை பாதத்துக்கு மட்டும். புல்லில் புரண்டு வரும் நாய்க்கும், மழைக்குப் பின் காலி மனைகளில் பார்த்தீனியம் மண்டும் தெருவில் நடக்கும் நாய்க்கும், முடி குறைந்த அடிவயிற்றை வெறும் தண்ணீரில் துடைத்துவிடுவதே பாதி அரிப்பைக் குறைக்கும்.

குட்டை முடி நாய்களுக்கு இந்த வழி மிக லேசு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். வெள்ளை ராஜபாளையத்தின் இளஞ்சிவப்புத் தோலில் சின்னத் தடிப்பும் பெரிதாகத் தெரியும் என்பதால் பயந்து ஊசிக்கு ஓடுபவர்கள் அதிகம். ஓடும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

## வழி 3: செடிரிசின், ஏவில் வகையறா

மலிவு. எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும். பெரும்பாலான நாய்களுக்குப் பெரும்பாலும் போதாது.

மனிதருக்கு அரிப்பு என்றால் ஹிஸ்டமின் பெரிய காரணம். நாயின் ஒவ்வாமை அரிப்பில் இன்டர்லூக்கின்-31 என்ற வேறொரு செய்திப்புரதத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. அதனால்தான் நமக்கு ஒரே மாத்திரையில் அடங்குவது அதற்கு அடங்குவதில்லை. அளவிலும் தவறு நடக்கிறது. மருத்துவர்கள் நாய்க்குச் சொல்லும் செடிரிசின் அளவு கிலோவுக்குச் சுமார் 1 மி.கி., பலர் 20 மி.கி.யோடு நிறுத்திக்கொள்வார்கள். 10 மி.கி. மாத்திரையில் பாதியை 30 கிலோ நாய்க்குக் கொடுத்துப் பலனை எதிர்பார்ப்பது வீண்.

அரிப்பு முற்றிய பிறகு இது எடுபடாது. லேசான அரிப்பு தொடங்கும்போதே, தினமும், இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தால்தான் அந்த நாய்க்கு உதவுமா என்று தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: தனி செடிரிசின் மாத்திரையா என்று அட்டையைப் பாருங்கள். சளிக்கென்று பாரசிட்டமால், ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் கலந்து வருபவை நாய்க்கு ஆபத்து. சர்க்கரை இல்லாத சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதைவிட ஆபத்து.

எப்போது இதுவே சரியான தேர்வு? தூங்குகிறது, சாப்பிடுகிறது, ஆனால் மாலையில் கொஞ்சம் நக்குகிறது என்ற அளவில், ஷாம்புவோடு துணைக்கு. அதற்கு மேல் இதை நம்பி மூன்று வாரம் ஓட்டினால் நக்கிய இடம் புண்ணாகி, ஆன்டிபயாடிக் செலவு கூடிவிடும். மலிவான மருந்தின் மறைமுக விலை அதுதான்.

## வழி 4: ஸ்டீராய்டு, மாத்திரையும் ஊசியும்

இரண்டையும் ஒன்றாகப் பேசுவதே பெரிய குழப்பத்துக்குக் காரணம். ப்ரெட்னிசோலோன் மாத்திரையைச் சில நாள் கொடுப்பது ஒரு விஷயம். வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும் ட்ரையாம்சினலோன், மெத்தில்ப்ரெட்னிசோலோன் ஊசி வேறு விஷயம்.

மாத்திரை சில ரூபாய்தான். கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. என்று மருத்துவர்கள் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் அடங்கியதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து நிறுத்துவார்கள். வேகத்தில் இதற்கு நிகர் குறைவு. தோல் வீங்கி, சிவந்து, காது தடித்துப்போன நிலையில் மற்ற மருந்துகளைவிட இதுவே நன்றாகக் கேட்கும். பருவம் மூன்று நாலு வாரத்தில் முடிந்துவிடும் நாய்க்கு, வருஷத்தில் ஒரு முறை இப்படிக் கொடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. "ஸ்டீராய்டா, ஐயையோ" என்று ஒதுக்கிவிட்டு நாய் தன் தோலைத் தானே உரித்துக்கொள்ள விடுவதும் கொடுமைதான்.

ஆனால் வீட்டில் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருக்கும். நடுராத்திரி சிறுநீருக்குக் கீழே இறக்க வேண்டும். மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில், இதுவும் செலவில் சேரும். இதுவரை சமையலறைப் பக்கம் திரும்பாத நாய் குப்பைக்கூடையைக் கவிழ்க்கும். மூச்சு வாங்கும். காலையில் சாப்பாட்டோடு கொடுப்பது இரவுத் தொல்லையைக் கொஞ்சம் குறைக்கும். அளவை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அட்டையில் மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த மாதம் எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

மெலாக்சிகாம் போன்ற வலி மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் வயதான நாய்க்கு ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பை ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு வேண்டாம். டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியால் வரும் சொறியும் படர்தாமரையும் ஸ்டீராய்டில் பெருகும். காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் உண்ணிக்காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை முதலில். உண்ணி பரப்பும் எர்லிக்கியாவும் பேபீசியாவும் நம் ஊரில் அரிய நோய்கள் அல்ல.

இனி ஊசி. ஒரு குத்து, மூன்று முதல் ஆறு வாரம் நிம்மதி, மாத்திரை விழுங்க வைக்கும் போராட்டம் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கவிளைவு வந்தால் மாத்திரையை நிறுத்தலாம், உடம்புக்குள் போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அது நிற்கும் நாள்வரை, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு மூன்று நாலு என்று பழகிவிட்ட நாய்களுக்குத் தோல் மெலிந்து, வயிறு தொங்கி, முடி இரண்டு பக்கமும் சமமாகக் கொட்டும். இந்தப் பட்டியலில் மிக மலிவாகத் தெரிந்து மிக விலை உயர்ந்ததாக முடிவது இதுதான். வாயில் எதையுமே போட முடியாத முரட்டு நாய், பிடித்து வந்த தெருநாய் என்ற இரண்டு சூழல் தவிர இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

## வழி 5: ஆப்போகுவல்

தொடக்கத்தில் கேட்ட அந்த விலை கூடிய மாத்திரை இதுதான். மருந்தின் பெயர் ஓக்லாசிடினிப். அமெரிக்காவில் 2013-ல் நாய்களுக்கென்று ஒப்புதல் பெற்றது. மேலே சொன்ன இன்டர்லூக்கின்-31 அனுப்பும் அரிப்புச் செய்தியை நரம்புக்குப் போகும் வழியில் மறிக்கிறது. முதல் நாளிலேயே வித்தியாசம் தெரியும், ஸ்டீராய்டின் தாகமும் பசியும் இருக்காது.

கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மி.கி.; முதல் 14 நாள்வரை தினம் இரு வேளை, பிறகு ஒரு வேளை. 30 கிலோ நாய்க்கு 16 மி.கி. மாத்திரை ஒன்று. அப்படியானால் 90 நாள் பருவத்துக்கு 28-ம் 76-ம் சேர்த்து 104 மாத்திரை. கடையில் ஒரு மாத்திரை விலை கேட்டு 104-ஆல் பெருக்கிவிட்டு முடிவு செய்யுங்கள். பத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பாதியில் விடுவது வீண் செலவு. 8 கிலோ பக் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், அவருக்கு இது கட்டுப்படியாகும்.

15-வது நாள் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளைக்கு இறங்கியதும் சில நாய்களுக்கு அரிப்பு மறுபடி எகிறும். மருந்து தோற்றுவிட்டது என்று பயந்து திரும்ப இரு வேளைக்குப் போகக் கூடாது. சில நாளில் தணியும். அந்த நாள்களில் ஷாம்பு குளியலை விடாமல் இருந்தால் தாண்டிவிடலாம்.

12 மாதம் நிரம்பாத குட்டிக்குக் கூடாது. கடும் தொற்று இருக்கும்போது கூடாது. கட்டி, புற்று வரலாறு உள்ள நாய்க்கு மருத்துவர் யோசித்தே எழுதுவார். டெமோடெக்ஸ் இதிலும் தலைதூக்கலாம். தெள்ளும் ஈஸ்டும் அப்படியே இருக்க இதைக் கொடுத்தால், சொறியாது, ஆனால் தோல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

## வழி 6: சைட்டோபாயிண்ட் ஊசி

லோகிவெட்மாப் என்ற எதிர்ப்புரதம். இது ஸ்டீராய்டு இல்லை. ஊசி என்ற ஒரே காரணத்தால் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இன்டர்லூக்கின்-31-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும். ஒரு முறை போட்டால் 4 முதல் 8 வாரம், ஆக ஒரு பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று. கல்லீரல், சிறுநீரகம் தளர்ந்த கிழ நாய்க்கும், ஏற்கனவே பல மாத்திரை விழுங்கும் நாய்க்கும் இதுவே மேல். வீங்கித் தடித்த தோலுக்கும் தெள்ளு அரிப்புக்கும் இதன் பலன் குறைவு. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டிய மருந்து, எல்லா ஊரிலும் கிடைக்காது. மின்வெட்டு உள்ள ஊரில் எங்கிருந்து, எப்படி வந்தது என்று கேட்டுவிட்டே போடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது அடங்கும் | காரணத்தைத் தீர்க்குமா | 90 நாளுக்கு (30 கிலோ நாய்) | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| உண்ணி, தெள்ளு மாத்திரை | பூச்சி 1–2 நாளில் சாகும்; வீடு சுத்தமாக 3 மாதம் | தீர்க்கும் | 12 வார மாத்திரை 1, அல்லது மாத மாத்திரை 3 | வெடிப்பு அடைப்பது, எல்லா நாய்க்கும் சேர்த்து வாங்குவது |
| மருந்து ஷாம்பு | 1–3 வாரம் | ஈஸ்ட், பாக்டீரியாவுக்குத் தீர்க்கும் | 3–4 பாட்டில் | ஆள், தண்ணீர், நேரம் |
| செடிரிசின் | 1–2 வாரம், எடுபட்டால் | இல்லை | மிகக் குறைவு | தாமதத்தால் புண் |
| ப்ரெட்னிசோலோன் மாத்திரை | அன்றோ மறுநாளோ | இல்லை | குறைவு. 3–4 வாரத்துக்கு மேல் ஓட்டுவது நல்லதல்ல | இரவு இறக்குவது, பசி, தாகம் |
| நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி | 1–2 நாள் | இல்லை, மறைக்கும் | 2–3 ஊசி | திரும்பப் பெற முடியாத பக்கவிளைவு |
| ஆப்போகுவல் | முதல் நாள் | இல்லை | 104 மாத்திரை | விலை, மறு பரிசோதனை |
| சைட்டோபாயிண்ட் | 1–3 நாள் | இல்லை | 2–3 ஊசி | விலை, குளிர்ப் பாதுகாப்பு |

நோய் எதிர்ப்பை அடக்கி அரிப்பைக் குறைக்கும் சைக்ளோஸ்போரினைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு: பலன் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் மழையே ஓய்ந்துவிடும். வருஷம் முழுக்க அரிக்கும் நாய்க்கு அது. மீன் எண்ணெயும் அப்படியே மெதுவானது, 8 முதல் 12 வாரம். ஐப்பசி மழைக்கு ஆடியிலேயே ஆரம்பித்தால்தான் உண்டு. வாங்கும்போது காப்ஸ்யூலின் 1000 மி.கி. எடையைப் பார்க்காதீர்கள், சாதாரண வகையில் பலன் தரும் ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120 மி.கி.தான் இருக்கும். காட் லிவர் ஆயில் வேறு பொருள். அதை அதே அளவில் கொடுத்தால் ஏ, டி வைட்டமின்கள் அளவுமீறிப் போகும்.

## வீட்டு அலமாரியில் இருப்பவை

காலமைன் லோஷனைத் தடவாதீர்கள். அதில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது, நாய் நக்கும், துத்தநாகம் நாய்க்கு விஷம். டெட்டால் கலந்த தண்ணீர் எரிச்சலுள்ள தோலை இன்னும் எரிக்கும். டீ ட்ரீ ஆயில் சில சொட்டே நடுக்கம் வரவழைக்கலாம். மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனால் உண்ணிக்கு இன்னும் தடவுகிறார்கள். வேப்பிலை ஊறிய தண்ணீரில் கடைசி அலசல் கெடுதல் செய்யாது. அதை மருந்து என்று நம்பி மற்றதை விடுவதுதான் கெடுதல். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினால் மழைக்காலத்தில் தோல் மூச்சு விடாமல் பிசுபிசுத்துப் போகும், நாய் அதை நக்கி நக்கியே இன்னும் ஈரமாக்கும்.

## யாருக்கு எது

தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய், வயது ஆறு மாதம், இடுப்பில் சொறிகிறது: உண்ணி, தெள்ளு மாத்திரையும் தோல் சுரண்டல் பரிசோதனையும் மட்டும். ஆப்போகுவல் வயதுக்கே ஆகாது. ஸ்டீராய்டு டெமோடெக்ஸைக் கிளப்பிவிடும்.

மூன்று வயது கோல்டன் ரெட்ரீவர், மழை தொடங்கினால் மட்டும் பாதமும் காதும் நாறுகிறது: மாத்திரையால் பூச்சிக் காப்பு, ஷாம்பு வாரம் இரண்டு, காதுக்கு மருத்துவர் சொன்ன சொட்டு. மூன்று வாரத்தில் நாற்றம் போயும் அரிப்பு மிச்சம் இருந்தால், அந்த மிச்சம்தான் ஒவ்வாமை. அதற்குத்தான் ப்ரெட்னிசோலோனா ஆப்போகுவலா என்ற கேள்வி. போன வருஷம் அரிப்பு ஒரு மாதத்தில் ஓய்ந்ததா, தைவரை நீண்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு மாதமானால் முன்னது, நீண்டால் பின்னது.

பன்னிரண்டு வயது லாப்ரடோர், மூட்டுவலி மருந்து ஓடுகிறது: ஸ்டீராய்டு இரண்டும் வெளியே. கிடைத்தால் சைட்டோபாயிண்ட், கிடைக்காவிட்டால் ரத்தப் பரிசோதனை பார்த்து ஆப்போகுவல்.

ஒரே ராத்திரியில் கன்னத்திலோ இடுப்பிலோ உள்ளங்கை அகலம் முடி ஒட்டி, நீர் கசிந்து, தொட்டால் சீறும் புண் வந்திருந்தால் எதையும் ஒப்பிட வேண்டாம். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, காற்றுப் படவிட்டு, கழுத்தில் கூம்பு மாட்டி அன்றே மருத்துவரிடம் போங்கள். முகம் வீங்கி மூச்சு இழுத்தால் உடனே.

தனியார் தோல் சிகிச்சைக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு. போகும்போது கடைசியாகப் போட்ட ஊசியின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் கொண்டுபோங்கள். அன்று காலை குளிப்பாட்டாதீர்கள். மருத்துவர் டேப்பில் ஒற்றி எடுத்துப் பார்க்க வேண்டிய ஈஸ்ட் தண்ணீரோடு போயிருக்கும்.